கெட்டி ஆயில் ஊற்றலாமா என்று கேட்டாய்

கணபதி, கோயம்புத்தூர்
15.6.2025, ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளை கதிருக்கு,

மாமா எழுதுவது. நானும் அத்தையும் நலம். அக்காவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை என்று கேட்டு நிம்மதியாக இருந்தது. மாடிப்படி ஏறாமல் பார்த்துக்கொள்.

நீ போனில் அனுப்பிய இரண்டையும் பார்த்தேன். ஒன்று உன் கார் கையேட்டில் ஆயில் பற்றிய பக்கம். இன்னொன்று, அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டு, இளக்கமான ஆயிலை வடித்துவிட்டுக் கெட்டி ஆயில் ஊற்றுகிறது என்கிற செய்தி. அதன் கீழே, "அவங்களே மாத்திட்டாங்க, அப்ப நம்ம தெரு மெக்கானிக் சொல்றது சரிதானே மாமா?" என்று போட்டிருந்தாய். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்றாவது வாக்கியத்தில் நீ "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று ஆரம்பித்துவிடுவாய். அப்படி என்றால் காதில் விழவில்லை என்று எனக்குத் தெரியும். இன்று பட்டறை லீவு, உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஊற்றாதே. கையேட்டில் 5டபிள்யூ-30 என்று தெளிவாக இருக்கிறது. உன் மெக்கானிக் சொல்கிற 20டபிள்யூ-50 அந்த இன்ஜினுக்கு ஆகாது. 80,000 கிலோமீட்டர் ஓடியிருப்பதும் சென்னை வெயிலும் அதற்குக் காரணமாகாது.

அந்த எண்களைப் பற்றி வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தப்பான எண்ணம். பின்னால் வருகிற 30, 50 எல்லாம் இன்ஜின் முழுச் சூடு ஏறிய பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதைச் சொல்கிறவை. 100 டிகிரியில் அளப்பார்கள். முன்னால் டபிள்யூவோடு வருவது குளிருக்கு. 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியிலும் இன்ஜின் சுற்றுவதற்கு ஆயில் வழிவிட வேண்டும், மைனஸ் 35-லும் பம்ப் அதை இழுக்க முடிய வேண்டும். 20டபிள்யூவுக்கு இதே சோதனை மைனஸ் 15-லும் மைனஸ் 20-லும். "ஊட்டியில் உறைபனி விழுகிற நாளுக்கே 20டபிள்யூ போதுமே, வேளச்சேரியில் எனக்கு 5 எதற்கு?" என்று கேட்பாய். நியாயமான கேள்விதான்.

ஆயில் கம்பெனிகள் ஒவ்வொரு ஆயிலுக்கும் ஒரு தகவல் தாள் வெளியிடுவார்கள். எதையாவது எடுத்துப் பார். 40 டிகிரியில் ஒரு 5டபிள்யூ-30 ஆயிலின் கெட்டித்தன்மை 60, 70 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும். 20டபிள்யூ-50 என்றால் 150-ஐத் தாண்டும். 100 டிகிரியில் முன்னது 10, 11. பின்னது 18 பக்கம். இப்போது கணக்குப் போடு. தண்ணி மாதிரி இருக்கிறது என்று நீ பயப்படுகிற ஆயில்கூட, வெயிலில் நின்ற வண்டியை நீ ஸ்டார்ட் செய்கிற நேரத்தில், முழுச் சூட்டில் இருக்கும் 20டபிள்யூ-50-ஐப் போல மூன்று மடங்குக்கு மேல் கெட்டி. விடிகாலையில் இன்னும் அதிகம். அதாவது எந்த ஆயிலாக இருந்தாலும் ஸ்டார்ட் ஆகும்போது தேவைக்கு மேல் கெட்டிதான். சூடு ஏற ஏறத்தான் இன்ஜினை வரைந்தவன் நினைத்த அளவுக்கு அது இளகி வருகிறது. கெட்டி ஆயில் ஊற்றினால் அந்தக் காத்திருப்பு நீளும். நீயோ வீட்டிலிருந்து ஆபீஸுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டுகிறவன். உன் இன்ஜின் அந்த அளவுக்கு வராமலேயே நின்றுவிடும் நாள்தான் அதிகம் இருக்கும்.

சென்னை வெயில் விஷயத்துக்கு ரொம்ப எழுத வேண்டியதில்லை. இன்ஜின் சூட்டைத் தெர்மோஸ்டாட் பிடித்து வைத்திருக்கிறது. வெளியே 28 ஆனாலும் 40 ஆனாலும், கூலன்ட் ஓட்டம் சரியாக இருந்தால், உள்ளே தண்ணீர் 90 டிகிரி பக்கத்தில்தான் நிற்கும். ஆயிலும் அதை ஒட்டிக் கொஞ்சம் மேலே. சித்திரை வெயிலில் உருகுவது தார் ரோடு. உன் சம்ப்பில் இருக்கும் ஆயில் மார்கழியிலும் கிட்டத்தட்ட அதே சூட்டில்தான் வேலை செய்கிறது.

சரி, கெட்டியாக இருந்தால் பாரத்தை நன்றாகத் தாங்கும்தானே? உன் மெக்கானிக்கின் மனதில் இருப்பது இதுதான். ஆயில் இரண்டு இரும்புக்கு நடுவே மெத்தை போலக் கிடக்கிறது, மெத்தை தடித்தால் நல்லது என்று. நானும் பட்டறையில் சேர்ந்த காலத்தில் பெரியவர்கள் வாயில் கேட்டது இதைத்தான். உண்மையில் நடப்பது வேறு. அதைக் கண்டுபிடித்த கதை எனக்கு ரொம்பப் பிடித்தது, கேள்.

1883-ல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்று ஒரு இன்ஜினியர், மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்துக்காக ரயில் பெட்டி அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். சுழலும் அச்சின் அடிப்பாகம் ஆயில் தொட்டியில் நனைந்தபடி இருக்கும். மேலே பித்தளை பேரிங், பாரத்தோடு உட்கார்ந்திருக்கும். மேலிருந்தும் ஆயில் விட்டுப் பார்க்கலாம் என்று பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். மெஷினை ஓட்டியதும், உள்ளே போக வேண்டிய துளை வழியாக ஆயில் வெளியே பொங்கிவிட்டது. கார்க் வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது. மர ஆப்பு அடித்தார், அதையும் மெல்ல மெல்ல வெளியே தள்ளியது. அப்புறம்தான் பிரஷர் கேஜ் மாட்டினார். பேரிங்கின் மேல் வைத்திருந்த பாரம் சராசரியாகச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. கேஜ் முள்ளோ 200-ஐத் தாண்டிப் போனது. பம்ப் ஒன்றும் கிடையாது மாப்ளே, வெறும் சுழற்சி. அச்சு சுழலும்போது ஒட்டியிருக்கும் ஆயிலைக் குறுகலான இடுக்குக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே எழும் அழுத்தம்தான் மொத்தப் பாரத்தையும் தூக்கி நிறுத்துகிறது. 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதினார். இன்றைக்கும் பேரிங் டிசைன் செய்கிறவர்கள் அந்தக் கணக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

இதில் உனக்கு வேண்டியது ஒன்றுதான். தாங்கும் திறனை முடிவு செய்கிறது ஆயிலின் கெட்டித்தன்மை மட்டும் இல்லை. சுழலும் வேகம் ஒன்று, மேலே ஏறும் பாரம் ஒன்று, இடுக்கின் அளவு ஒன்று, ஆயில் ஒன்று, நாலும் சேர்ந்துதான். உன்னுடையது போன்ற சின்ன கார் இன்ஜினில் கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே விடுகிற இடைவெளி 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை. தலைமுடி நுழையாது. அந்த இடுக்கில் ஆயில் நின்றால் மட்டும் போதாது, ஓடவும் வேண்டும். ஓடினால்தான் அங்கே பிறக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். இடைவெளியை முடிவு செய்தவன்தான் ஆயிலையும் முடிவு செய்திருக்கிறான். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை நீ மாற்ற முடியாது.

கெட்டி ஆயில் ஊற்றினால் உள்ளே என்ன ஆகிறது என்று பார். ஆயில் பம்ப் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு ஆயிலைத் தள்ளுகிற சாதி. ஆயில் போக மறுத்தால் பிரஷர் ஏறும். ஏறியதும் ரிலீஃப் வால்வு திறந்து, மேலே போக வேண்டிய ஆயிலைத் திருப்பி விட்டுவிடும். கேஜ் இருக்கிற வண்டி என்றால் முள் நன்றாக மேலே நிற்கும். பார்க்கிறவனுக்கு மனசு குளிரும். ஆனால் பேரிங்குக்குப் போய்ச் சேர்கிற ஆயில் குறைந்திருக்கும். பிரஷர் என்பது வேறு, ஓட்டம் என்பது வேறு. இதே மாதிரி ஃபில்டருக்குள்ளும் ஒரு பைபாஸ் வால்வு உண்டு. ஆயில் ஃபில்டர் தாளைக் கடந்து போக முடியாமல் திணறினால் அது திறந்துகொண்டு வடிகட்டாத ஆயிலையே உள்ளே அனுப்பும். நீ நல்லது என்று நினைத்து ஊற்றியது, தினமும் காலையில் கொஞ்ச நேரம் தூசியையும் சேர்த்து ஓட்டுகிறது.

அதைவிட முக்கியமானது மேல் பக்கம். அம்பாசிடர், பத்மினி ஓடிய காலத்தில் கடைக்குக் கடை 20டபிள்யூ-40 தான். அந்த இன்ஜின்களுக்கு அது பொருந்தியது. அவற்றில் ஆயிலுக்கு இருந்த வேலை வழவழப்பு கொடுப்பது, சூட்டையும் அழுக்கையும் எடுத்துக்கொண்டு வருவது. இன்றைய இன்ஜினில் ஆயிலை வைத்துத்தான் கேம் ஷாஃப்ட்டின் டைமிங்கையே முன்னும் பின்னும் நகர்த்துகிறார்கள். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் பிரஷரில் நிற்கிறது. பிஸ்டன் ரிங்கில் ஆயிலை வழிக்கிற மூன்றாவது ரிங்கின் ஓட்டைகளும் மெல்லிய ஆயிலுக்கு ஏற்ற சின்ன ஓட்டைகள். இதெல்லாம் அந்தக் கால வண்டியில் கிடையாது. உன் மெக்கானிக்கின் கையில் இருப்பது அந்தக் காலத்து அனுபவம். அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த அனுபவத்தைத் தந்த இன்ஜின் இப்போது இல்லை, அவ்வளவுதான்.

போன வருஷம் ஒரு டாக்ஸி வந்தது. உன்னுடையது மாதிரிதான், பெட்ரோல், மெல்லிய ஆயில் போடச் சொன்ன இன்ஜின். ஓனர் ரொம்பக் கவனமானவர். ஒவ்வொரு சர்வீஸுக்கும் காசு கூடக் கொடுத்து 20டபிள்யூ-50 ஊற்றியிருக்கிறார். காலையில் ஸ்டார்ட் செய்தால் முன்பக்கம் சலசலவென்று சத்தம், இன்ஜின் லைட் எரிகிறது, மைலேஜ் குறைந்துவிட்டது என்று வந்தார். பிரித்தோம். கிராங்க் பேரிங்கில் ஒரு குறையும் இல்லை. அதைக் காட்டி, "பாத்தீங்களா, கெட்டி ஆயிலோட மகிமை" என்றார். நான் டாப் கவர் பக்கம் கூப்பிட்டுப் போய்க் கேம் ஷாஃப்ட்டைக் காட்டினேன். முனைகளில் கோடு விழுந்திருந்தது. செயின் நீண்டுபோய், டென்ஷனரின் கம்பி கடைசிப் பல் வரைக்கும் வெளியே வந்திருந்தது. கேம் டைமிங்கை நகர்த்துகிற கியர் ஒட்டிக்கொண்டு நின்றது. எல்லாவற்றுக்கும் ஆயில் ஒன்றே காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஆயில் கடைசியாகப் போய்ச் சேர்கிற இடங்களில் மட்டும் தேய்ந்திருந்தது. பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் இடங்கள் புதுசு போல இருந்தன. எனக்கு அது போதும்.

இனி மறுபக்கம். தேவைக்கு மேல் இளகிய ஆயிலும் கொல்லும், சந்தேகமே வேண்டாம். அதைப் படிக்க பேரிங் ஓடுகளைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இந்தத் தடவை கோவை வந்தால் பட்டறைக்கு வா, காட்டுகிறேன். பழைய பேரிங் ஓடுகள் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறேன். பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்க அதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது. மூன்று அடுக்கு பேரிங் என்றால் முதுகு இரும்பு, அதன் மேல் செம்புக் கலவை, அதற்கும் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய பூச்சு, மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். அந்தச் சாம்பல் பூச்சு போய்ச் செம்பு தெரிந்தால் நடுவே இருந்த ஆயில் படலம் உடைந்து இரும்பு தொட்டிருக்கிறது என்று அர்த்தம். எந்த ஓட்டில் தெரிகிறது என்பதும் முக்கியம். கனெக்டிங் ராடில் மேல் ஓடு, மெயின் பேரிங்கில் கீழ் ஓடு. வெடிப்பின் அடி விழுகிற பக்கம் அதுதான். அங்கே மட்டும் பளபளவென்று செம்பு தெரிந்து, எதிர் ஓடு சாம்பல் மாறாமல் இருந்தால் படலம் பாரத்தைத் தாங்கவில்லை. மெல்லிய கோடு கோடாக இருந்தால் தூசி. உலோகம் உருகி இழுபட்டது மாதிரி இருந்தால் ஆயிலே வரவில்லை. குழி குழியாக அரித்திருந்தால் ஆயிலில் அமிலம். எதுவும் கேட்காமலேயே வண்டி ஓனர் என்ன செய்தார் என்று பாதி சொல்லிவிடலாம்.

அந்த டப்பாவில் ஒரு டீசல் பிக்கப்பின் ஓடுகள் இருக்கின்றன. அதன் ஓனர் பெருமையாகச் சொன்னார்: "நம்ம வண்டி ஆயிலே குடிக்காதுங்க, ஊத்துன அளவு குறையறதே இல்ல, ஏறவே செய்யுது." ஏறுகிறதா? டிப் ஸ்டிக்கை உருவி மோந்து பார்த்தேன். டீசல் நாற்றம். இன்ஜெக்டர் பக்கத்தில் கசிந்து டீசல் சம்ப்புக்குள் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. கேனில் சரியான நம்பர்தான் எழுதியிருந்தது. இன்ஜினுக்குள் இருந்ததோ வேறு திரவம். ராடின் மேல் ஓடுகள் நான்கிலும் செம்பு. கிராங்கை 0.25 மில்லிமீட்டர் அண்டர்சைஸ் பிடித்துக் கொடுத்தோம், செலவு கொஞ்சம் இல்லை. உன்னுடையது பெட்ரோல். ஆனாலும் குட்டி ஓட்டம் ஓட்டுகிற பெட்ரோல் வண்டியிலும் எரியாத பெட்ரோல் கொஞ்சம் ஆயிலில் இறங்கும். அதனால்தான் உன்னை மாதம் ஒரு முறையாவது ஜிஎஸ்டி ரோட்டில் செங்கல்பட்டு வரை போய் வா என்கிறேன். ஆயில் நன்றாகச் சூடேறினால் பெட்ரோலும் தண்ணீரும் ஆவியாகிப் போகும்.

இன்னொன்று, நீ கியர் மாற்றச் சோம்பேறி. பொங்கலுக்கு வால்பாறை போனபோது பார்த்தேன். 40 கொண்டை ஊசி வளைவிலும் மூன்றாவது கியரிலேயே இழுத்தாய், இன்ஜின் முனகியது. பாரம் அதிகம், சுற்று குறைவு, ஆயில் நல்ல சூடு. டவர் கதையை மறுபடி நினைத்துப் பார். சுழற்சிதானே அழுத்தத்தை உண்டாக்குகிறது? அந்த முனகலில் படலம் எவ்வளவு மெலியும் என்று நினைக்கிறாய்? ஒரு கியர் குறைத்துப் போட்டால் கிடைக்கிற பாதுகாப்பு, எந்தக் கெட்டி ஆயிலிலும் கிடைக்காது. ஆயில் நம்பரைப் பற்றி இவ்வளவு விசாரிக்கிற நீ இதை ஒரு நாளும் கேட்டதில்லை.

சிலிண்டர் போரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓடிய இன்ஜினின் ஹெட்டைக் கழற்றிச் சிலிண்டருக்குள் விரலை விட்டு மேலே இழுத்தால், உச்சியில் ஒரு விளிம்பில் நகம் தட்டும். பிஸ்டன் மேலே போய் நின்று திரும்புகிற இடம் அது. நிற்கிற கணத்தில் வேகம் பூஜ்யம், அதனால் அங்கே படலம் நிற்காது. வெடிப்பின் சூடும் அழுத்தமும் அங்கேதான். நீ எந்த ஆயில் ஊற்றினாலும் அங்கே ஓரளவு தேயத்தான் செய்யும். அந்த இடத்தைக் காப்பாற்றுவது ஆயிலில் கலந்திருக்கும் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்து. உலோகத்தின் மேல் ஒரு பூச்சாகப் படிந்து உரசலை அது வாங்கிக்கொள்கிறது. அந்த மருந்தும் சூட்டில்தான் நன்றாக வேலை செய்யும். அதனால்தான் கெட்டி எவ்வளவு என்று மட்டும் பார்த்து ஆயில் வாங்கக் கூடாது, கேனில் இருக்கும் தரக் குறியையும் பார்க்க வேண்டும் என்கிறேன்.

இப்போது நீ அனுப்பிய அமெரிக்கச் செய்திக்கு வருகிறேன். உண்மைதான். இந்த ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே சுமார் 6 லட்சம் வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டது. 2021 முதல் 2024 வரை வந்த பெரிய பிக்கப்களும் எஸ்யூவிகளும், 6.2 லிட்டர் வி-8 இன்ஜின். ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் போய்விடுகிறது என்று புகார். காரணமாக அவர்கள் சொன்னது என்ன தெரியுமா? கனெக்டிங் ராடிலும் கிராங்கின் ஆயில் வழிகளிலும் தங்கிப்போன கசடு, அளவு தப்பிய கிராங்க், மேற்பரப்பு ஃபினிஷ் சரியில்லாத கிராங்க். படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது என் தொழில். கிரைண்டிங் முடிந்ததும் ஆயில் துளைகளைப் பிரஷ் விட்டுக் கழுவி, காற்றடித்து, பேரிங் உட்காரும் ஜர்னலை பாலிஷ் போட்டு அனுப்பு என்று பையன்களிடம் நான் கத்துவதை நீ பார்த்திருக்கிறாய். சொரசொரப்பான ஜர்னலில் மேடுகளே படலத்தைக் கிழித்துவிடும். அவர்கள் செய்த ஏற்பாடு இது: சோதனையில் தேறாத இன்ஜினைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது. தேறிய இன்ஜினுக்கு இளகிய 0டபிள்யூ-20-ஐ வடித்துவிட்டு 0டபிள்யூ-40 ஊற்றுவது, புது ஃபில்டர், புது ஆயில் மூடி, கையேட்டில் ஒரு திருத்தத் தாள். மேடுபள்ளம் இருக்கக்கூடிய பேரிங்கில் படலம் கொஞ்சம் தடிப்பாக நிற்கட்டும் என்று. தொழிற்சாலையில் நேர்ந்த குறைக்கு அது ஒரு கைத்தாங்கல். நல்ல இன்ஜினுக்கு அதை மருந்தாக எழுதிக் கொடுக்க முடியாது.

அதோடு, அவர்கள் எந்த எண்ணை மாற்றினார்கள் என்று கவனித்தாயா? பின்னால் இருந்த 20 மட்டும் 40 ஆகியிருக்கிறது. முன்னால் இருந்த 0 அப்படியே இருக்கிறது. கெட்டியாக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள்கூட ஸ்டார்ட் ஆகும்போது ஆயில் ஓடுவதை விட்டுக்கொடுக்கவில்லை. உன் மெக்கானிக் சொல்வது 5-ஐ 20 ஆக்கு, 30-ஐ 50 ஆக்கு என்று. இரண்டு பக்கமும் ஏற்றுகிறார். இந்தச் செய்தியை அவர் பக்கத்துக்குச் சாட்சியாக நீ கொண்டுவந்தாய், சாட்சி அவருக்கு எதிராகத்தான் பேசுகிறது.

மெல்லிய ஆயிலுக்குப் பின்னால் மைலேஜ் கணக்கும் இருக்கிறது என்பதையும் மறைக்க மாட்டேன். அரசாங்கங்கள் எரிபொருளை மிச்சப்படுத்தச் சொல்லி நெருக்குகின்றன, கம்பெனிகளும் நம்பரைக் குறைத்துக்கொண்டே போகின்றன. 2013-ல் 16 என்று ஒரு புது எண்ணைத் தரப் பட்டியலில் சேர்த்தார்கள், 2015-ல் 12-ம் 8-ம் வந்தன. ஃபோர்டு மஸ்டாங்கில் அதே 5 லிட்டர் வி-8 குடும்பத்து இன்ஜினுக்குச் சாதாரண வண்டியில் 5டபிள்யூ-20, பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கென்று வந்த பாஸ் 302-ல் 5டபிள்யூ-50. ஓட்டம் மாறினால் ஆயிலும் மாறலாம் என்று அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரிதான். ஆகவே கையேட்டை வேதம் என்று நான் சொல்லவில்லை. உன் கையேட்டிலேயே வெப்பநிலை அட்டவணையில் 5டபிள்யூ-30-க்குப் பக்கத்தில் 5டபிள்யூ-40 என்று இன்னொன்றும் போட்டிருக்கிறார்கள், நீ அனுப்பிய படத்தைப் பெரிசாக்கிப் பார். நாளைக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடி, ஆயிலும் கொஞ்சம் குறைய ஆரம்பித்தால் அதற்குப் போகலாம். அதுவரைக்கும் வேண்டாம். அந்தப் பக்கத்தில் இல்லாத எதற்கும் எப்போதும் வேண்டாம்.

நிற்கும்போது ஆயில் லைட் மினுக்கினால் மட்டும் உடனே என்னைக் கூப்பிடு. மெக்கானிக் "கெட்டி ஆயில் ஊத்துனா நின்னுரும்" என்பார். நிற்கும், லைட் மட்டும். முதலில் கேஜ் மாட்டி உண்மையான பிரஷரைப் பார்க்க வேண்டும். சென்சார் கெட்டிருக்கலாம், ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கலாம், பேரிங் போயிருக்கலாம். மூன்றுக்கும் வேலை வேறு வேறு.

இந்த வாரம் செய்ய வேண்டியது: வண்டியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு வடிக்கச் சொல். ஃபில்டரும் சேர்த்து மாற்று. 5டபிள்யூ-30, கேனில் ஏபிஐ எஸ்பி என்று போட்டிருக்கிறதா பார். இந்தியன் ஆயில் சர்வோ ஆனாலும் சரி, வெளிநாட்டுப் பெயர் ஆனாலும் சரி, நம்பரும் தரமும் பொருந்தினால் போதும். சீல் உடைக்காத கேனை உன் கண் முன்னால் திறக்கட்டும். காலி கேனை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திவிட்டு அப்புறம் குப்பையில் போடு. காலி கேனை வாங்கிக் கண்டதையும் ஊற்றி விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாதபோது 30-ஆவது 50-ஆவது. அளவு டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும், கூட ஊற்ற விடாதே. ஃப்ளஷ் போடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. வடித்த ஆயிலில் கொஞ்சம் ஒரு பழைய பாட்டிலில் பிடித்து வை, ஆடிக்கு வரும்போது கொண்டுவா. விரலில் தேய்த்து மோந்து பார்த்தாலே எனக்குக் கொஞ்சம் தெரிந்துவிடும்.

மெக்கானிக்கிடம் சண்டை போடாதே. "எங்க மாமா பட்டறைக்காரர், அவர் சொன்னதைப் போடுங்க, ஏதாவது ஆனா அவர் பொறுப்பு" என்று சொல். சந்தோஷமாகப் போட்டுக் கொடுப்பார்.

அக்காவைக் கேட்டதாகச் சொல். கொத்துமல்லிப் பொடி தீர்ந்திருக்கும், அரைத்து வைத்திருக்கிறேன் என்று அத்தை சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
மாமா

பின்குறிப்பு: காருக்கு வாங்கி மிச்சமாகும் ஆயிலை மருமகளின் ஸ்கூட்டரிலோ உன் புல்லட்டிலோ ஊற்றிவிடாதே. புல்லட்டில் கிளட்ச் பிளேட்டும் அதே ஆயிலில்தான் நனைகிறது. கார் ஆயிலில் வழவழப்புக்காகச் சேர்க்கும் மருந்து கிளட்ச்சை வழுக்க வைக்கும், கியரும் ஆயிலை அரைத்து அரைத்துச் சீக்கிரம் இளக்கிவிடும். அதற்கு 15டபிள்யூ-50, ஜாசோ எம்ஏ முத்திரை போட்டது. ஸ்கூட்டரின் கிளட்ச் காய்ந்த கிளட்ச், அதற்கு எம்பி முத்திரை. புல்லட்டுக்குக் கெட்டி ஆயில் சரி, ஏனென்றால் அதன் கையேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.